கை படாமல் ஓடும் ஸ்லைடர்

அன்பு நிறைந்த மைத்துனருக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் முறை. ஆனால் யோசித்துப் பார்த்தால் இங்கே எல்லாரும் என்பது இரண்டே பேர். அதில் உன் அக்கா நலம். அவளுடைய தையல் மிஷினும் நலம், போன வாரம்தான் பெல்ட் மாற்றினேன். மிச்சமிருப்பது நான். என் நலத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் அதை ஒரு ஸ்லைடர் வழியாகச் சுற்றித்தான் சொல்ல முடியும், ஆகவே பொறுமையாகப் படி.

போன் செய்யாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். இது இரண்டு அறை வீடு. முன்னறையில் தும்மினால் பின்னறையிலிருந்து "மழையில நனைஞ்சீங்களா?" என்று கேள்வி வரும். வெளியே போய் நின்று பேசலாம் என்றால், நீ கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டிக்கொண்டே போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறவன். உன் மனைவி காதில் விழுந்தால் அன்று சாயங்காலமே அது உன் அக்காவிடம் வந்து சேர்ந்துவிடும். செய்தி அனுப்பலாம் என்றால் எங்கள் இருவருக்கும் இருப்பது ஒரே போன், அதில் வருவதையெல்லாம் முதலில் படிப்பது அவள்தான். அதனால்தான் அவள் பட்டன் கடைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, அவள் துணி வெட்டும் மேஜையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதம் வந்ததாக உன் அக்காவிடம் சொல்லாதே. விஷயம் இதுதான்: என் வலது கை நடுங்குகிறது. எப்போதும் இல்லை. ஒரு பொருளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும் என்று நினைக்கும்போதுதான் நடுங்குகிறது. சும்மா தொங்கவிட்டால் சாதுவாக இருக்கிறது.

நான் என்ன வேலை பார்த்தவன் என்று உனக்குத் தெரியும். ஓய்வு பெறும்வரை லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் குழிக்குள் கயிற்றில் தொங்கிக்கொண்டு, ஒரு கையில் டார்ச்சும் இன்னொரு கையில் ஸ்க்ரூடிரைவருமாக, கீழே பார்க்காமல் வேலை செய்தவன். கூட வேலை செய்தவர்கள் எனக்கு 'ரசமட்டம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கொத்தனார் சுவர்மேல் வைத்துப் பார்ப்பாரே, குமிழி நடுவில் நிற்கிறதா என்று, அந்தக் கருவி. நல்ல லிஃப்ட் என்றால் கிளம்பியது தெரியக்கூடாது, நின்றதும் தெரியக்கூடாது, கதவு திறந்த பிறகுதான் 'ஓ, வந்துவிட்டோமா' என்று உள்ளே இருப்பவர் நிமிர்ந்து பார்க்க வேண்டும். என் உத்தியோகத்தின் மொத்த சாரமும் அதுதான். அப்பேர்ப்பட்ட ரசமட்டம் இப்போது டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிக்கிறது. "குளிருதா?" என்று உன் அக்கா கேட்டாள். ஆமாம் என்றேன். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

இதற்கும் ஸ்லைடருக்கும் என்ன சம்பந்தம் என்கிறாயா, வருகிறேன். உன் அக்கா இத்தனை வருஷமாக ஊரார் கால்சட்டைகளின் இடுப்பைக் குறைத்தும் கூட்டியும், போன ஜிப்பை மாற்றியும், கிழிந்ததுக்கு ஒட்டுப் போட்டும் காலம் தள்ளுகிறவள். தையல் கற்றுக்கொடுக்கும் ஒரு நிறுவனத்திலிருந்து அவளுக்கு ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. வீட்டிலிருந்தபடியே பார்த்துப் படிக்கும் வீடியோப் பாடங்கள் வேண்டுமாம். முதலில் ஒரு மாதிரிப் பாடம் எடுத்து அனுப்ப வேண்டும், பிடித்துவிட்டால் மற்றப் பாடங்கள் எல்லாம் அவளுக்கே. சட்டைக் காலர் தேய்ந்துபோனால் பிரித்துத் திருப்பித் தைப்பது எப்படி என்பதுதான் மாதிரிப் பாடம். "இடுப்பைக் குறைங்க, சீக்கிரம் குடுங்க" என்று மட்டுமே கேட்டுப் பழகியவளிடம் முதல் தடவையாக யாரோ 'உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்' என்று கேட்டிருக்கிறார்கள். அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து அவள் நடையே வேறாக இருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை. படம் ஆடக்கூடாது, தையல் போகும் வழியே கேமராவும் சீராகக் கூடவே நகர வேண்டும், மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். உன் பழைய கேமரா இங்கே இருக்கிறது, கேமராவைப் பிடிக்க ரசமட்டம் இருக்கிறது, வேறு என்ன வேண்டும் என்று அவள் அன்றே சம்மதம் சொல்லிவிட்டாள்.

முதல் நாள் எடுத்ததை லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம். மேஜைமேல் காலர் இருக்கிறது, உன் அக்காவின் விரல் தையலைப் பிரிக்கிறது, ஆனால் எல்லாமே படகில் நடப்பதுபோல ஆடிக்கொண்டிருக்கிறது. அவள் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். காற்றில் கேமரா ஆடுகிறது என்று சொன்னேன். விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தோம். இருவரும் வேர்த்து வழிந்ததுதான் மிச்சம். அவள் மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு காலரில் விழுவது மட்டும் வெகு தெளிவாகப் பதிவாகியிருந்தது. அடுத்துத் தெருவில் போகும் லாரிகள்மேல் பழியைப் போட்டேன். லாரி வராத மதிய நேரத்தில் எடுத்தோம், அப்போதும் ஆடியது. அதன் பிறகு மாடி வீட்டுக்காரர். அவர் குதித்துக் குதித்து உடற்பயிற்சி செய்கிறார், கட்டிடமே அதிர்கிறது என்று அடித்துச் சொன்னேன். உன் அக்கா நம்பிவிட்டாள். நம்பியதோடு நிற்காமல் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள் என்று என்னை அனுப்பியும் வைத்தாள். படியேறிக் கதவைத் தட்டினேன். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தது. மனிதர் தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டோடு ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றார். குளியலறையில் வழுக்கி விழுந்து வாரக்கணக்கில் படுக்கையாம். குதிப்பதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று மனப்பாடம் செய்துகொண்டு போனதை விழுங்கிவிட்டு, விஷயம் கேள்விப்பட்டு நலம் விசாரிக்க வந்தேன் என்றேன். இத்தனை நாளில் இந்தக் கட்டிடத்தில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து தினமும் அவருக்குக் காய்கறியும் செய்தித்தாளும் நான்தான் வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்கிறேன்.

பழி போட ஆள் தீர்ந்துபோனதும்தான் எனக்கு ஸ்லைடர் ஞாபகம் வந்தது. நீ ஒருமுறை கொண்டுவந்திருந்தாய் அல்லவா, தண்டவாளம் மாதிரி நீளமான சட்டம், அதன்மேல் கேமராவை உட்காரவைக்கச் சின்ன வண்டி. தள்ளினால் கேமரா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை வழுக்கிக்கொண்டு போகும். கேமராக் கடைக்குப் போனேன். கழுத்தில் ஹெட்போன் தொங்க நின்ற விற்பனைக்காரர் மூன்று ரகம் எடுத்துக் காட்டினார். விலை குறைந்ததில் சக்கரமே கிடையாது, வண்டிக்கு அடியில் பிளாஸ்டிக் துண்டுகள் சட்டத்தை உரசிக்கொண்டு போகும். நடுத்தர விலையில் பேரிங் வைத்தது, விரலால் தொட்டாலே ஓடியது, நான்கு காலையும் திருகி மட்டம் பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவதில் மோட்டார். பொத்தானை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றால் போதும், அதுவாகவே போய் அதுவாகவே நிற்கிறது. நான் தொழில்முறையில் நாலு கேள்வி கேட்டேன். எவ்வளவு எடை தாங்கும், அதற்குமேல் பாதுகாப்புக்கு எவ்வளவு விட்டிருக்கிறீர்கள், பெல்ட் அறுந்தால் பிரேக் எங்கே பிடிக்கும். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சார், இதுல கேமராதான் போகும். ஆள் போகமாட்டாங்க." மோட்டார் வைத்ததின் விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். பிறகு அதைப் பழையபடியே கவிழ்த்துவைத்துவிட்டு, வழுக்குவதெல்லாம் வழுக்குவதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, இருப்பதிலேயே மலிவானதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அது வழுக்கவில்லை. நொண்டியது. தள்ளினால் போகாது, இன்னும் கொஞ்சம் தள்ளினால் ஒரேயடியாகத் தாவும். கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். லிஃப்ட் மெக்கானிக் அப்படிச் செய்வானா? தண்டவாளம் நொண்டினால் எண்ணெய் போடு என்பது ரத்தத்தில் ஊறியது. பரணில் இருந்த லிஃப்ட் எண்ணெயை எடுத்துச் சட்டம் முழுக்கப் பூசினேன். முதலில் வெண்ணெயாக ஓடியது, உன் அக்காவே கைதட்டினாள். ஆனால் தையல் வேலை நடக்கும் அறையில் காற்றில் பாதி நூல் தூசு என்பதை நான் யோசிக்கவில்லை. அத்தனை தூசும் எண்ணெயில் வந்து ஒட்டிக்கொண்டு, சாயங்காலத்துக்குள் சட்டத்துக்கு மீசை முளைத்துவிட்டது. அது போகட்டும் என்றால், படம் எடுக்கும்போது சட்டத்தின் நுனியில் திரண்ட எண்ணெய் நேராகக் காலர்மேல் சொட்டியது. அது மாதிரிக்கு வைத்த பழைய சட்டை என்று நான் நினைத்திருந்தேன். ஒரு வக்கீல் கொடுத்துவிட்டுப் போன வெள்ளைச் சட்டையாம். சாக்பொடி, சோப்பு, வெந்நீர் எதற்கும் கறை மசியவில்லை. கடைசியில் உன் அக்கா அந்தச் சட்டையின் அடிப்பக்க நீளத்தில் கொஞ்சம் வெட்டி, அந்தத் துணியிலேயே புதுக் காலர் வைத்துக் கொடுத்தாள். வக்கீல் கண்ணாடியில் பார்த்துவிட்டு முன்பைவிட நன்றாக இருக்கிறதே என்று சொல்லிவிட்டுப் போனார். சட்டை ஏன் குட்டையாகிவிட்டது என்று இன்னும் அவர் கேட்கவில்லை, வாசலில் கார் நிற்கும்போதெல்லாம் நான் உள்ளே போய்விடுகிறேன்.

கடையில் பார்த்த பேரிங் ஸ்லைடர் என் கண்ணைவிட்டு அகலவில்லை. அதே மாதிரி பேரிங் எங்கே பார்த்திருக்கிறேன் என்று யோசித்தபோது எதிரிலேயே இருந்தது. உன் அக்காவின் நூல் அலமாரியில் கீழ் இழுப்பறை இருக்கிறதே, அதன் இரு பக்கமும் இருப்பது அதேதான். அவள் குளிக்கப் போயிருந்தபோது இரண்டு சட்டத்தையும் கழற்றி ஒரு பலகையில் முடுக்கினேன். நம்பமாட்டாய் மச்சான், அருமையாக ஓடியது. ஒரு தடவை வேகம் கொஞ்சம் கூடி, கோடியைத் தாண்டிப் பாய்ந்து, கேமரா வெட்டுத்துணிக் கூடைக்குள் போய் விழுந்தது. கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த நேரம் பார்த்து அவள் வந்து இழுப்பறையை இழுத்தாள். தாங்கப் பிடிமானம் இல்லாத இழுப்பறை மொத்தமாக அவள் கையோடு வந்துவிட்டது. நூல் சுற்றிய பாபின் எல்லாம் வீடெங்கும் உருண்டன. நான் மண்டிபோட்டுக் கட்டிலுக்கு அடியில் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை. அவள் காலியான இழுப்பறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "உங்களுக்கு இது பிடிக்கலைன்னா நேரா சொல்லிடுங்க. நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்." கேமராதான் சரியில்லை என்று கட்டிலுக்கு அடியிலிருந்தே பதில் சொன்னேன். நீ அன்போடு கொடுத்த கேமராமேல் பழி போட்டதற்கு மன்னித்துக்கொள்.

மறுநாள் அவள் துணி கொடுக்கப் போயிருந்தபோது ஒரு பரிசோதனை செய்தேன். லிஃப்ட் எதனால் ஆடுகிறது என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டுப் பார்ப்போம், எதைக் கழற்றினால் ஆட்டம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. பலகையில் கேமராவை வைத்தேன். வண்டியில் தையல் நூலைக் கட்டி, மேஜை விளிம்பு வழியாகத் தொங்கவிட்டு, மறுமுனையில் அவளுடைய பெரிய கத்தரியைக் கட்டினேன். லிஃப்டுக்கு எதிர்ப்பாரம் தொங்குமே, அது மாதிரி. விட்டேன். கேமரா தானாகவே போயிற்று. லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால் முதல் பாதியில் துளி ஆட்டம் இல்லை. பிற்பாதியில் வேகம் கூடிக் கத்தரி தரையில் ணங்கென்று இறங்கியதால் அது உதவாது, அது வேறு விஷயம். பிறகு கத்தரியை அவிழ்த்துவிட்டு அதே வண்டியை என் கையால் தள்ளினேன். ஆடியது. இடது கையால் தள்ளினேன். அதுவும் கொஞ்சம் ஆடியது. விசிறி நின்றிருந்தது, லாரி இல்லை, மாடிக்காரர் கட்டிலில் இருந்தார், தண்டவாளம் சுத்தம். மிச்சம் இருந்தது நான் ஒருவன்தான்.

இதை ஏன் அவளிடம் மறைக்கிறாய் என்று கேட்பாய். சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஊசியில் நூல் கோர்ப்பது என் இலாகா. அவளுக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிய ஆரம்பித்த நாளிலிருந்து, "ஏங்க" என்று ஒரு சத்தம் கொடுப்பாள், நான் போய்க் கோர்த்துக் கொடுத்துவிட்டு வருவேன். பேச்சு வார்த்தை இல்லாத நாட்களில்கூட அந்த ஏங்க உண்டு, அதோடு சண்டையும் தீர்ந்துபோகும். இப்போது அவள் கூப்பிடுவதற்கு முன்பே நான் குளியலறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டு, கையைச் சுவரோடு அழுத்திப் பிடித்து, நாலைந்து ஊசியில் கோர்த்துச் சட்டைக் காலரில் குத்தி வைத்துக்கொள்கிறேன். கூப்பிட்டதும் ஒன்றை உருவிக் கொடுப்பேன். நூல் கோர்க்கக் குளியலறை எதற்கு என்று கேட்டாள், அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றேன். நேற்று மறந்துபோய் அந்தக் காலரோடேயே படுத்துவிட்டேன், கழுத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நடுக்கம் என்று தெரிந்தால் அவள் பாடத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு என்னை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்குவாள். மாதக் கடைசி போய்விடும், வாய்ப்பும் போய்விடும், அந்தப் புது நடையும் போய்விடும். இது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருக்கிறது. லிஃப்டில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் அன்றைக்கே நிறுத்திப் பூட்டு, வாசலில் 'பழுது' என்று பலகை தொங்கவிடு, தள்ளிப்போடாதே என்று புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவன் நான். என் கழுத்தில் அந்தப் பலகையைத் தொங்கவிட்டுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. டாக்டர் என்ன சொல்வாரோ என்று பயமாக இருக்கிறது மச்சான். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

ஆகவே நீ செய்ய வேண்டிய உபகாரம் இதுதான். மோட்டார் வைத்த ஸ்லைடர் ஒன்று, எங்களுக்குக் கட்டுப்படியாகிற விலையில், பார்த்து எடுத்துக் கொடு. புதிதுதான் வேண்டும் என்றில்லை, உன் தொழில்காரர்கள் யாராவது பெரிதாக வாங்கிக்கொண்டு சின்னதைக் கழித்துவிட்டால் அது போதும். ஆள் உயரத்துக்கு நீளம் வேண்டாம், மேஜைமேல் அடங்க வேண்டும். ஒரு காலர் நீளத்துக்கு நகர்ந்தால் போதும், அதற்குமேல் இருந்தால் கிடத்தி வைக்க இங்கே இடம் இல்லை. உன் கேமராவின் எடையைத் தாங்கிக்கொண்டு சட்டம் நடுவில் தொய்யாமல் இருக்க வேண்டும். மோட்டார் கத்தக்கூடாது, உன் அக்கா பேசுவது பதிவாக வேண்டும். கிளம்பும்போதும் நிற்கும்போதும் வேகம் மெல்லக் கூடி மெல்லக் குறைய வேண்டும், எடுத்த எடுப்பில் பாய்வதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். போனில் தொட்டு இயக்கும் ரகம் வேண்டாம், போன் அவளிடம் இருக்கும். பொத்தான் பெரிதாக இருக்கட்டும், ஆடுகிற விரலுக்கும் அகப்படுகிற மாதிரி. இத்தனையும் பார்த்து வாங்கிவிட்டு, நீயாகவே அவளுக்குப் போன் செய்து, இப்போதெல்லாம் தொழில் தெரிந்தவர்கள் கேமராவைக் கையால் தொடுவதே இல்லை, எல்லாம் மோட்டார்தான் என்று சொல்லிவிடு. நீ சொன்னால் நம்புவாள். நான் சொன்னதாகவோ எழுதியதாகவோ காட்டிக்கொள்ளாதே. என் கையைப் பற்றி ஒரு வார்த்தை வாயிலிருந்து வரக்கூடாது. பாடம் முடியட்டும், பிறகு நானே டாக்டரைப் போய்ப் பார்க்கிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். வாக்கைக் காப்பாற்றுவேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது, இருந்தாலும் கொடுக்கிறேன்.

உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகளுக்கு என் ஆசி, அவர்கள் நன்றாகப் படித்து நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். உனக்குத் தொழில் பெருகட்டும், உன் கை எப்போதும் அசையாமல் நிற்கட்டும். வேறு எப்படி ஆசீர்வதிப்பது என்று இப்போது எனக்குத் தோன்றவில்லை.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு:

தம்பி, நான் அக்கா. மேலே உள்ளதெல்லாம் அத்தான் எழுதியது. ஆனால் கையெழுத்து என்னுடையது என்று முதல் வரியிலேயே கண்டுபிடித்திருப்பாய். 'உன் அக்காவிடம் சொல்லாதே' என்று வருகிற இடத்தையும் ஒரு எழுத்து மாற்றாமல் நான்தான் எழுதினேன். சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

பட்டன் கடையிலிருந்து நான் திரும்பி வந்தபோது மனிதர் வெட்டு மேஜையில் காகிதங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் செருப்பைக் கழற்றி, பையை வைத்து, கைகால் கழுவிக்கொண்டு வந்தேன். ஒளித்து வைக்க நேரம் இருந்தது. அவர் ஒளிக்கவில்லை. "இதைக் கொஞ்சம் நல்ல எழுத்துல எழுதிக் குடு. எழுதினது எனக்கே படிக்க வரல" என்று நீட்டினார். வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. நான் படித்து முடிக்கும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரியாது தம்பி. தெரியவே தெரியாது. பாடம் எடுப்பதில் அவருக்கு இஷ்டமில்லை, அதனால் ஏனோதானோவென்று பிடிக்கிறார், ஏதோ ஒரு இயந்திரத்தை வாங்கிப் போட்டுவிட்டுக் கழன்றுகொள்ளப் பார்க்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அதனால்தான் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று வாய்விட்டேன். அந்த வரியை எழுதும்போது என்னால் மேலே எழுத முடியவில்லை. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் எழுதினேன்.

ஸ்லைடர் வாங்காதே. மோட்டாரும் வேண்டாம், பேரிங்கும் வேண்டாம். தையல் மிஷினில் ஊசி ஓடிக்கொண்டா இருக்கிறது? அது நின்ற இடத்தில்தான் நிற்கிறது, துணிதான் போகிறது. இது எங்கள் இரண்டு பேருக்கும் இத்தனை நாள் தோன்றவில்லை பார். கேமராவை மூன்று கால் ஸ்டாண்டில் அசையாமல் முடுக்கிவிட்டோம். வெட்டுப் பலகைக்கு அடியில் கம்பளித் துணியை மடித்துப் போட்டு, மேலே காலரை விரித்து, பலகையை நான் இழுத்தேன். அவர் கேமராத் திரையைப் பார்த்து நின்றுகொண்டு, "மெதுவா... இன்னும் மெதுவா... நிறுத்தப்போறேன்னு முன்னாடியே நினைச்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் இழுப்பது மூட்டை ஏற்றும் லிஃப்ட் மாதிரி இருக்கிறதாம். பலகையைத் திரும்பத் திரும்ப வைத்து இழுக்கவைத்து என் தோளை வாங்கிவிட்டார். கடைசியில் எடுத்ததைப் பார்த்தோம். துளிகூட ஆடவில்லை. அவரை விட்டால் எனக்கு இப்படிச் சொல்லிக்கொடுக்க வேறு ஆள் கிடையாது.

பாடம் முடிந்த பிறகு டாக்டர் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார், அதையும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. நாளைக் காலையில் போகிறோம், காய்கறி வரத் தாமதமாகும் என்று மாடிக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. டாக்டர் என்ன சொல்வாரோ என்று எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. நான் இதை எழுதும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டுதான் இருக்கிறார், படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மேலே 'உன் அத்தான்' என்று இருப்பது மட்டும் அவர் கையால் போட்டது. நானே போட்டுவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். போட்டு முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. நான் பேனாவைப் பிடிக்கவில்லை, பக்கத்தில் இருந்தேன்.